தலைமையகமாகிப்போன மாட்டுக்கொட்டில்

தாயிஸ் மலைச்சரிவில் தகிய்யா ஒற்றைப் பசுவை வைத்து மோர் விற்றுப் பிழைத்தாள். மேலேயிருந்து சுட்டவர்கள் தங்களைப் புரட்சி என்றார்கள், கீழேயிருந்து சுட்டவர்கள் அரசாங்கம் என்றார்கள். அவளுக்கு மேலே இருப்பவன் நாஜி என்கிற பயல், கீழே இருப்பவன் ஷாயிஃப் என்கிற பயல். சிறுவயதில் இரண்டு பேருமே அவளிடம் மோர் குடித்துவிட்டுக் காசு தராமல் ஓடியவர்கள். இப்போது தளபதிகள். பெரிய மாற்றமொன்றும் இல்லை.

ஒருநாள் காலையில் குண்டொன்று கொட்டிலில் விழுந்தது. நாடு விடுதலை அடைந்ததோ இல்லையோ, பசு அடைந்துவிட்டது.

அந்த மலையில் ஒரு வழக்கம். தப்புச் செய்தவன் காளையோடு வந்து, துப்பாக்கியை வாசலில் கிடத்தி, காளையை அறுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும். மன்னிப்புக் கிடைக்கும்வரை அவன் ஆட்கள் யாரும் சுடக்கூடாது. மீறினால் அவன் வீட்டில் ஒருவரும் கை நனைக்க மாட்டார்கள். தகிய்யா மேலே ஏறினாள்.

"குண்டு உன்னுதா, நாஜி?"

"ஐயோ அத்தை, நாங்க அந்தப் பக்கம் சுடவே இல்ல. கீழ போய்க் கேளு."

கீழே ஷாயிஃப் கன்னம் புடைக்கக் காத் இலை மென்றுகொண்டிருந்தான்.

"எங்க குண்டு மாட்டு மேலயெல்லாம் விழாது அத்தை."

"ஆமா, மனுசன் மேலதான் விழும். நல்லா இருங்கடா."

ஆக, யாருமே சுடாமல் வந்த குண்டு. மழைதான் பெய்யவில்லை, வானம் இதையாவது கொடுத்ததே.

மறுநாள் கிணற்றடியில் ஊர்ப் பெண்கள் காதுபடத் தகிய்யா பெருமூச்சு விட்டாள். "பசு போனா போகுது. கொட்டில்ல ஒளிஞ்சிருந்த பெரிய தளபதியும்ல போய்ட்டான்." எந்தப் பக்கத்துத் தளபதி என்று மட்டும் சொல்லவில்லை.

அன்று மாலையே இரண்டு வானொலிகளும் முழங்கின. எதிரியின் தலைமையகத்தைத் தங்கள் வீரர்களே தகர்த்தார்களாம். நான்கு பேர் பலி என்றது ஒன்று. பசுவின் கால்களை எண்ணியிருப்பார்கள்.

தகிய்யா ஊர் ஷேக்கிடம் போனாள். "ரெண்டு பயலும் அவனவன் வாயாலயே ஒத்துக்கிட்டான். ஊரே கேட்டுச்சு. காளை எங்க?"

இல்லையென்றால் வானொலி பொய்யாகும், ஆமென்றால் காளை போகும். தளபதிகளுக்கு வானொலிதான் பெரிது. மேலிருந்து ஒரு காளை, கீழிருந்து ஒரு காளை, வாசலில் இரண்டு துப்பாக்கி. ஷாயிஃப் கத்தியை உருவினான்.

"உள்ள வைடா அத. செத்தது கறவை. இதுல எதக் கறக்கறது? ரெண்டையும் வித்து ஒரு கறவை வாங்கிட்டு வாங்க. ஒண்ணாப் போங்க, ஒருத்தன் ஏமாந்தா இன்னொருத்தன் பாத்துக்குவான்."

போனார்கள். வழியெல்லாம் மாட்டின் பல்லைப் பற்றித்தான் பேச்சாம்.

செவலைப் பசு வந்து சேர்ந்தது. துப்பாக்கிகளுக்காக இருவரும் தினமும் வருகிறார்கள். "மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு அத்தை, சண்டை அப்படியே நிக்குது."

"மன்னிக்காம என்ன? புது இடம்ல, பசு இன்னும் பால் விடலப்பா," என்கிறாள் தகிய்யா, மோர்க்குடத்தை முந்தானையால் மூடிக்கொண்டு.