தேயிலைப் பெட்டிக் குஞ்சுகள்

கொழும்பிலிருந்து வந்த மெயில் ரயில் யாழ்ப்பாணம் ஸ்டேஷனில் நின்றபோது நான் இறங்கிய சனங்களைப் பார்க்கவில்லை. காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றேன். பெட்டி கத்தும் என்று மாமா சொல்லியிருந்தார். சாமான் பெட்டியிலிருந்து மூட்டைகள் இறங்கின, மரக்கறிக் கூடைகள் இறங்கின. கடைசியாக ஒருவன் இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்த மட்டைப்பெட்டி உண்மையாகவே கத்தியது. அதன் பக்கங்களில் வட்ட வட்டமாக ஓட்டைகள். ஒன்றினுள் விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளேயிருந்து ஏதோ கொத்தியது. நான் போட்ட சத்தத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

"மெல்லமாய், பிள்ளை," என்றார் மாமா. "முட்டையை விட்டு வெளியிலை வந்து ரெண்டு நாள்தான். நீ கத்தினால் அதுகள் திரும்பவும் உள்ளுக்கை போயிடுங்கள்."

எனக்கு அப்போது ஒன்பது வயது. மாமா அம்மாவின் தம்பி. மலாயாவில் ஒரு ரப்பர்த் தோட்டக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். அந்த வருடம் இரண்டு டிரங்குப் பெட்டிகளோடு உரும்பிராயில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார். லீவு என்று அம்மா அயலுக்குச் சொன்னாள். ரப்பரின் விலை விழுந்து, மலாயாவில் ஆட்களை வேலையிலிருந்து நிறுத்திக்கொண்டிருந்த காலம் அது. அதையெல்லாம் என்னிடம் யார் சொல்லப் போகிறார்கள்? மாமாவின் லீவு நீள நீள எனக்குச் சந்தோஷம் கூடியது.

ஐயாவுக்கு அப்படியில்லை. ஐயா புகையிலைத் தோட்டக்காரர். விடியுமுன்னே துலா மிதித்துத் தண்ணீர் இறைக்கப் போய்விடுவார். வெயில் ஏற வீட்டுக்கு வரும்போது, வெளுத்த வெள்ளைக் கால்சட்டையோடு கதிரையில் இருந்து பேப்பர் படிக்கும் மைத்துனரைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். தாண்டும்போது ஒருமுறை செருமிக்கொள்வார்.

அந்தப் பேப்பரில்தான் மாமா குஞ்சுகளைக் கண்டுபிடித்தார். கோழி அடை கிடக்காமல் மெஷினில் பொரித்த வெள்ளை லெகோன் சாதிக் குஞ்சுகள், கேட்டால் ரயிலில் அனுப்புவார்களாம். மாமா எழுதிப் போட்டார். நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ஒருவரும் நம்பவில்லை. மெஷினுக்குப் பிறந்த குஞ்சு என்ன தின்னும், மண்ணெண்ணெய் குடிக்குமா என்று கேட்டார்கள்.

வண்டிலில் வீடு வந்து பெட்டியைத் திறந்தோம். முப்பதில் இரண்டு வழியிலேயே செத்துப்போயிருந்தன. மற்றவை எலுமிச்சம்பழ நிறத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்று எங்களை அண்ணாந்து பார்த்தன. தாய் இல்லாதபடியால் சூடு நாங்கள்தான் கொடுக்கவேண்டும். மாட்டுக்கொட்டிலை ஒட்டி இறக்கிய சாய்ப்பில் மாமா ஏற்கெனவே ஒரு பெரிய தேயிலைப் பெட்டியை வைத்து, நடுவில் லாந்தரை நிறுத்தி, குஞ்சுகள் சுடுபடாதபடி அதைச் சுற்றி ஓட்டை போட்ட தகரம் வளைத்திருந்தார். மாமா அதைப் புரூடர் என்றார். அம்மா குஞ்சுப்பெட்டி என்றாள். ஐயா செருமிக்கொண்டு தாண்டிப் போனார்.

இனி அடியில் என்ன பரப்புவது? முதலில் பேப்பரைப் பரப்பினோம். குஞ்சுகள் அதில் வழுக்கி, கால்கள் இரண்டு பக்கமும் விரிய, வயிறு தரையில் பட இருந்தன. மணலைப் போட்டோம். கார்த்திகை மாதத்து ஈரத்தில் மணல் குளிர்ந்து கிடந்தது. எல்லாம் தகரத்தோடு நெருக்கிக்கொண்டு நின்றன. உமியைப் போட்டோம். அதைத் தீன் என்று நினைத்துக் கொத்தித் தின்னத் தொடங்கின. ஒவ்வொரு தடவையும் அள்ளிக் கொட்டிவிட்டு அடுத்ததற்கு ஓடுவோம். எனக்கு இப்படி ஒரு விளையாட்டு அதற்கு முன் கிடைத்ததில்லை. கடைசியில் தச்சுப் பட்டறையில் வாச்சியும் சீவுளியும் சீவித் தள்ளிய மரச்சுருளை ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்தோம். மாமா அதை அரித்துத் தூளைப் போக்கி, வெயில் கண்ட நேரம் காயவைத்து, நாலு விரல் உயரத்துக்குப் பரப்பினார். குஞ்சுகள் அதற்குள் கால் புதைய நடந்தன, கிளறின, பிறகு ஒவ்வொன்றாகச் சரிந்து நித்திரையாயின. நானும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம்.

தினமும் எட்டு மணிக்குத் துப்புரவு. கந்தோருக்குப் போகிறவர்போல் சீப்பால் தலை இழுத்துக்கொண்டுதான் மாமா சாய்ப்புக்கு வருவார். குஞ்சுகளை நான் ஓலைக் கடகத்தில் எடுத்து வைத்திருக்க, அவர் தண்ணீர்ச் சட்டியைச் சுற்றி நனைந்த சுருளை அள்ளி எறிவார். எஞ்சியதில் ஒரு பிடி எடுத்துப் பொத்துவார். கை விரித்ததும் உதிர்ந்தால் நல்லது. உருண்டையாக நின்றால் அதுவும் வெளியே போகும். பிறகு வெள்ளைக் கால்சட்டையோடு முழங்காலில் நின்று தலையைப் பெட்டிக்குள் விடுவார்.

"நீயும் குனிஞ்சு மணந்து பார், பிள்ளை. எங்கடை மூக்கு மேலை இருக்கு. அதுகளின்ரை மூக்கு நிலத்திலை. எங்களுக்கு நாத்தம் மணக்கேல்லை எண்டால் மட்டும் காணாது."

நானும் தலையை விடுவேன். அம்மா குசினி வாசலில் அகப்பையோடு நின்று சிரிப்பாள்.

மூன்றாவது வாரம் பக்கத்து வளவுப் பெரியம்மா குஞ்சு பார்க்க வந்தார். "செள்ளுப் பூச்சி பத்தினால் உதுகள் உயிரோடை நிக்காது," என்றார். "என்ரை கோழியை அடை வைக்கேக்கை நான் ரெண்டு புகையிலைக் காம்பு கீழை வைக்கிறனான். ஒரு செள்ளும் அண்டாது."

அது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. எங்கள் வீட்டில் இல்லாத புகையிலையா? காம்பே இவ்வளவு வேலை செய்தால் இலை எவ்வளவு செய்யும்? அடுத்த நாள் மத்தியானம் மழை விட்டிருந்தது. மாமா வழமைபோல் தபாற்கந்தோருக்குக் கடிதம் பார்க்கப் போயிருந்தார். அவர் வரும்போது ஆச்சரியப்படுத்தவேண்டும் என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. புகையிலை அடுக்கிய அறையில் உதிர்ந்து கிடந்த இலைத் தூளை இரண்டு சுளகு நிறைய வாரினேன். சாக்கில் இருந்த புதுச் சுருள் முழுவதோடும் கலந்தேன். பழையதை அள்ளிப்போட்டு, கலந்ததைப் பரப்பி, குஞ்சுகளை இறக்கி, குளிர் பிடிக்காமல் இருக்கச் சாக்கால் பெட்டியை நன்றாக மூடியும் விட்டேன். லாந்தர் உள்ளே எரிந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் கத்தல் நின்றுவிட்டது. செள்ளுக் கடி இல்லாமல் சுகமாக நித்திரை கொள்ளுகின்றன என்று நினைத்தேன். சாக்கைத் தூக்கியபோது காரம் என் கண்ணில் அடித்தது. குஞ்சுகள் கள்ளுக் குடித்தவர்களைப்போல் தள்ளாடின. எழும்பின, விழுந்தன, தலையைப் பின்னுக்கு வளைத்துக்கொண்டு உதறின. படலை திறக்கும் சத்தம் கேட்டது. ஓடிப்போய் மாமாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

மாமா குனிந்து ஒருமுறை மணந்தார். "என்னத்தைப் போட்டனீ?"

"புகையிலை."

அவர் ஏசவில்லை. "கெதியாய் எல்லாத்தையும் வெளியிலை எடு. காத்துப் படட்டும்."

இரண்டு பேரும் கைக்கு அகப்பட்டதையெல்லாம் தூக்கி முற்றத்தில் பாயின்மேல் விட்டோம். மாமா லாந்தரை எடுத்து, பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டி, கிணற்றடிக்கு இழுத்துப்போய்த் தேங்காய்ப் பொச்சால் தேய்த்துக் கழுவி, நெருப்புத் தணலில் பிடித்துக் காயவைத்தார். நான் ஒவ்வொரு குஞ்சின் காலையும் ஈரத் துணியால் துடைத்து, விரல் நுனியால் சொண்டில் தண்ணீர் சொட்டு விட்டேன். பாதி தலையில் விழுந்தது. வானம் திரும்பவும் இருண்டு வந்தது. பெட்டி தயார்; பரப்பத்தான் ஒன்றும் இல்லை. எல்லாச் சுருளிலும் நான் புகையிலையைக் கலந்துவிட்டேன்.

மாமா உள்ளே போனார். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. கந்தோருக்குப் போட்ட வெள்ளைத் தடிப்புத் துணிக் கோட்டோடு வந்து, அதை மடித்துப் பெட்டியின் அடியில் விரித்தார்.

"மாமா, திரும்பிப் போகேக்கை கந்தோருக்கு என்னத்தைப் போடுவியள்?"

"அதைப் பிறகு பாப்பம். நீ குஞ்சை எடுத்துத் தா."

மூன்று செத்துப்போயின. மற்றவற்றைக் கோட்டின்மேல் வைத்துவிட்டு, தகரத்தில் கையை வைத்துச் சூடு பார்த்தபடி இருவரும் மூச்சுவிடாமல் இருந்தோம். மழை கூரையில் விழத் தொடங்கியது. அப்போது ஒரு குஞ்சு எழுந்து நின்று, இரண்டு அடி வைத்து, கோட்டின் பொத்தானைக் கொத்தியது. இன்னொன்று வந்து அதைத் தள்ளிவிட்டுத் தானும் கொத்தியது. மாமா என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் சாய்ப்புக்குள் துள்ளினேன். பின்னாளில் அவை இருபத்தைந்தும் வளர்ந்து, ஊரே வந்து பார்த்த வெள்ளைக் கோழிகளாயின.

அன்று பொழுதுபடுகிற நேரம் ஐயா தோட்டத்தால் வந்தார். முற்றத்தில் கொட்டிக் கிடந்த நனைந்த சுருளைக் காலால் கிளறினார். அவருக்கு அந்த மணம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

"குஞ்சுக்குப் புகையிலை போட்டது ஆர்?"

நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றேன். எனக்கு முதுகு கூசியது.

"நான்தான், அத்தான்," என்றார் மாமா. "செள்ளுக்கு நல்லமெண்டு கேள்விப்பட்டன். அளவு தெரியாமல் போட்டிட்டன்."

ஐயா அவரை மேலும் கீழும் பார்த்தார். "மலாயாவிலையும் உப்பிடித்தான் வேலை பாத்தனீரோ? அதுதான் அனுப்பிப்போட்டாங்கள்."

அம்மா, "இஞ்சாருங்கோ," என்று ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டாள். மாமா சாய்ப்புப் பக்கம் திரும்பி நடந்தார். ஐயா கால் கழுவப் போனார்.

லீவில்தானே அனுப்பினார்கள், இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அடி விழாமல் தப்பிவிட்டேன்; இருபத்தைந்து குஞ்சும் பிழைத்துவிட்டன. அந்தச் சந்தோஷப் புழுகத்தில் அன்று இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். மாமா சாப்பிட வரவில்லை. பெட்டியடியில் குஞ்சுகளோடு இருக்கிறாராக்கும் என்று எண்ணி, அவருக்கு எடுத்து வைத்திருந்த அப்பளத்தையும் நானே தின்று முடித்தேன்.