கையில் எழுதிய சிங்கம்

போன வாரம் பேரனைத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அவனுடைய ட்யூஷன் டீச்சருக்குக் காசநோயாம். அவரிடம் படிக்கிற பதினொரு பிள்ளைகளையும் சோதிக்க வேண்டுமாம். முன்கையில், தோலுக்குள் ஒரு சொட்டு மருந்து ஏற்றிவிட்டு, மூன்றாம் நாள் வந்து காட்டுங்கள் என்றார்கள். தடித்தால் கிருமி உள்ளே புகுந்திருக்கிறது, ஆனால் நோய் வந்துவிட்டதாக அர்த்தமில்லை. தடிக்காவிட்டாலும் கிருமி இல்லையென்று அடித்துச் சொல்ல முடியாது. இதற்கு இரண்டு தடவை பஸ் ஏற வேண்டும். அறுபத்து மூன்று வருடம் கழித்தும் அதே ஊசி, அதே மூன்றாம் நாள்!

எனக்கு அப்போது ஆறு வயது. வடமதுரைக்குப் பக்கத்தில் எங்களுக்குப் பூந்தோட்டம். சம்பங்கிக் கூடையோடு திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போய்வருவது சித்தப்பாவின் வேலை. வந்து சாப்பிட உட்கார்ந்தால் தன் தட்டிலிருந்து எனக்கு மூன்று உருண்டை உருட்டித் தருவார். நான்காவது கேட்டாலும் கிடைக்காது. இரண்டோடு நிறுத்தியதும் இல்லை.

அவருக்கு இருமல் நிற்கவே இல்லை. சளியைச் சோதித்துக் காசநோய் என்றார்கள். அடுத்த வாரம் ஒரு நர்சம்மா வீட்டுக்கு வந்து எல்லோரையும் டப்பாவில் துப்பச் சொன்னார். நான் ஏழு தடவை துப்பினேன். ஏழும் வெறும் எச்சில்.

"பிள்ளைக எங்க துப்புது, எல்லாத்தையும் முழுங்கிருதுக" என்று அலுத்துக்கொண்டு என் கையில் அந்த ஊசியைப் போட்டார். மூன்றாம் நாள் வருவேன், அதுவரை எதையும் தடவாதீர்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, அன்று வீட்டில் இல்லை. கெட்டது அங்கேதான்.

மறுநாள் காலை அம்மா பூப்பறிக்கப் போயிருந்தபோது அத்தை என் கையைப் பார்த்தார். சிவந்து தடித்திருந்தது. உடனே அக்கி என்று முடிவு கட்டிவிட்டார். அக்கிக்கு எங்கள் பக்கம் டாக்டரிடம் போக மாட்டார்கள். பானை வனையும் வேளாரிடம் போவார்கள். அவர் காவி மண்ணைக் குழைத்து, கோழி இறகால் கொப்புளத்தின் மேல் சிங்கம் எழுதுவார். அது காய்ந்து உதிரும்வரை தண்ணீர் படக்கூடாது. அம்மா திரும்பி வருவதற்குள் என் கையிலும் எழுதியாகிவிட்டது.

என் சிங்கத்துக்கு முன்னங்காலில் ஐந்து நகம், பின்னங்காலில் மூன்று. வால் மணிக்கட்டைச் சுற்றி வந்தது. பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது பேர் வந்து பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் வந்த நர்சம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னம்மா இது?"

"அக்கிக்கு எழுதியிருக்கு தாயி" என்றார் அத்தை.

"அக்கி இல்லம்மா, நான் போட்ட ஊசி. தடிக்குதான்னு பாக்கத்தான் போட்டதே."

"அப்ப நீ போட்டுத்தான் அக்கி வந்துச்சா? நல்லாருக்கே கத!"

"செத்த கழுவி விடுங்க, அளந்துட்டுப் போயிர்றேன்."

"அழிச்சா ஒடம்பு பூராப் பரவிரும். உதிரட்டும், அடுத்த வாரம் வா."

"அடுத்த வாரம் தடிப்பு இருக்காதும்மா! திரும்ப இன்னொரு கையில குத்தணும்."

"அந்தக் கைக்கும் சிங்கம் எழுதுவாங்களா?" என்று நான் கேட்டேன்.

வாசலில் துண்டால் வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்த சித்தப்பா எழுந்து வந்தார்.

"ஏலே, கைய நீட்டு."

"ஒனக்கும் புத்தி கெட்டுப்போச்சாடா?" என்று அத்தை கத்தினார். சித்தப்பா செம்புத் தண்ணீரை என் கையில் ஊற்றினார். முதலில் வால் போனது. பிறகு நகங்கள் எட்டும் போயின. ஊரே கேட்கும்படி அழுதேன்.

நர்சம்மா விரலால் தடவிப் பார்த்து, தடிப்பின் இரண்டு ஓரத்திலும் பேனாவால் கோடு போட்டு, சின்ன ஸ்கேலை வைத்து அளந்தார். "பதினாறு" என்றார். எனக்கு அழுகையிலும் பெருமை. பள்ளிக்கூடத்தில் நான் அதுவரை பதினாறு வாங்கியதே இல்லை.

"என்கிட்டருந்துதானா?" என்று சித்தப்பா கேட்டார்.

நர்சம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "மாத்திர குடுத்துருவோம். பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

அன்று மத்தியானம் சித்தப்பா தட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்து மோட்டார் கொட்டகைக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அங்கயே நில்லுலே. கிட்ட வராத."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சிங்கத்தை அழித்தவர் அவர். கோபப்பட வேண்டியவன் நான் அல்லவா? வரப்பிலேயே நின்றேன். அவர் வழக்கம்போல மூன்று உருண்டை உருட்டித் தட்டோரத்தில் வைத்தார். கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒவ்வொன்றாக அவரே எடுத்துத் தின்றார். எனக்கு அழகு காட்டத்தான் அப்படித் தின்கிறார் என்று அன்று நினைத்தேன்.