கன்னையாவின் முடி

பிரிக்பீல்ட்ஸில் என் தையல் கடைக்கு அடுத்த கடை கன்னையா அண்ணனுடையது. முடிவெட்டும் கடை. நடுவில் இருப்பது வெறும் பலகைச் சுவர். அவர் அங்கே தும்மினால் நான் இங்கே ஊசியில் குத்திக்கொள்வேன். அதனால் அவரைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுந்த ஆள் கிடையாது.

அறுபது வயதிலும் அவருக்கு அடர்த்தியான முடி. அடுத்தவர் தலையை வெட்டிக்கொண்டே கண்ணாடியில் தன் தலையை ரசிக்கிற மனுஷன். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த வட்டாரத்தில் சாமிக்காக மொட்டை போடுவதென்றால் எல்லோரும் தேடுவது அவரைத்தான். முருகனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் வருவார்கள். பள்ளி விடுமுறையில் சில நாள் பௌத்தத் துறவிகளாகிற சீனப் பையன்களுக்காக விகாரையிலிருந்து கூப்பிடுவார்கள். முஸ்லிம் வீடுகளில் குழந்தை பிறந்த ஏழாம் நாள் முடி இறக்கவும் அவர்தான் போவார். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு, அவ்வளவு தூரம் போக முடியாமல் இங்கேயே முடித்துக்கொண்ட எங்கள் மாதா கோயில் ஆட்களும் உண்டு.

"எந்தச் சாமியா இருந்தாலும் கடைசியில ஒண்ணுதான் புனிதா," என்பார். "கத்திய கீழ வச்சதும் கை தானா மேல போகும். தடவிப் பார்த்துட்டு சின்னப் புள்ள மாதிரி சிரிப்பாங்க. டத்தோ பட்டம் வாங்கினவரும் அப்படித்தான், லோரி ஓட்டறவனும் அப்படித்தான்."

இவ்வளவு பேசுகிறவர் தன் தலை என்றதும் முரண்டு பிடித்தார். போன வருஷம் நெஞ்சுவலி வந்து அவருக்கு ஆப்பரேஷன் நடந்தது. அறைக்கு வெளியே நின்ற அவர் மனைவி லோகேஸ்வரி அக்கா, 'இவர் பிழைத்தால் இவர் முடி உனக்கு' என்று முருகனிடம் நேர்ந்துகொண்டார். அண்ணனைக் கேட்கவில்லை. மயக்கத்தில் கிடக்கிறவரை எப்படிக் கேட்பது? அது நிறைவேறும்வரை தலையில் பூ வைப்பதில்லை என்று தனக்கும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்.

வீடு திரும்பி விஷயம் தெரிந்ததும் அண்ணன் முடியாது என்றுவிட்டார். முடிமேல் உள்ள ஆசை என்று நானும் கேலி செய்தேன். கடையில் ஆள் இல்லாத ஒரு மத்தியானம்தான் உண்மையைச் சொன்னார்.

"எனக்கு நம்பிக்கை போச்சு புனிதா. ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில் ஆளுக்கும் பொண்டாட்டி வேண்டிக்கிட்டுத்தான் இருந்தா. அவன் போய்ட்டான். எனக்கு மட்டும் முருகன் வந்தாரா? நம்பாம மொட்டை போட்டா அது வெறும் ஹேர்கட் லா. அதத்தான் தினம் செய்யிறேனே."

எனக்குக் கோபம்தான் வந்தது. அண்ணன் லேசாக இருமினாலே அக்காவின் முகம் வெளுத்துவிடும். வேண்டுதலை முடிக்காததால்தான் இருமல் என்று பயம். தெருவில் பூக்கடை வந்தால் அக்கா எதிர்ப்பக்கம் போய் நடப்பார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

தை பிறந்த சமயத்தில், கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கும் ஹாசிம் பாய் அண்ணனைக் கூப்பிட்டார். அவர் பேத்தி ஹனீனுக்கு முடி இறக்க வேண்டும். எனக்கும் பாயிடம் லைனிங் துணி எடுக்க வேண்டியிருந்ததால் அண்ணன் காரில் தொற்றிக்கொண்டேன்.

ஹனீன் தாயின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் மூச்சை அடக்கிக்கொண்டு மழித்தார். உதிர்ந்த முடியை பாய் ஒரு தட்டில் சேர்த்தார். அந்த முடியின் எடைக்கு வெள்ளி என்ன விலையோ, அது ஏழைகளுக்குப் போகுமாம்.

அண்ணன் கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "பாய், தப்பா நெனைக்காதீங்க. இந்தப் புள்ளைக்கு அல்லாவும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. நம்பிக்கைன்னா என்னன்னே தெரியாத தலையில மழிச்சா அது எப்படிச் சேரும்?"

பாய் சிரித்தார். "அவளுக்கு எதுக்குண்ணே தெரியணும்? அவ வந்ததுக்கு நன்றி சொல்றது நாங்கதானே. முடி மட்டும்தான் அவளோடது."

திரும்பும்போது சாலையில் நெரிசல். ஷா ஆலம் தாண்டியதும் அண்ணன் தானாகவே சொன்னார்: "நேந்துக்கிட்டது லோகா. நம்புறதும் லோகா. முடி மட்டும்தான் என்னோடது. அத வச்சுக்கிட்டு எதுக்கு இவ்வளவு அடம் புடிச்சேன்?"

"இப்பவாவது தெரிஞ்சுச்சே," என்றேன். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

தைப்பூசத்துக்கு பத்துமலை முருகன் கோயிலில் மொட்டைக்கு நீண்ட வரிசை. நானும் கூடப் போனேன், மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள். லோகேஸ்வரி அக்காவின் பையில் மல்லிகைச் சரம் வாழையிலையில் சுற்றித் தயாராக இருந்தது. அண்ணன் பலகையில் உட்கார்ந்ததிலிருந்து மழிக்க வந்தவருக்குப் பாடம் நடத்தினார். "தம்பி, கத்திய கொஞ்சம் சாய்ச்சுப் புடி லா."

"அங்கிள், தலைய ஆட்டாம உக்காருங்க," என்று அதட்டல் வாங்கிய பிறகுதான் அடங்கினார்.

"நம்பிக்கை வந்துருச்சாண்ணே?" என்று குனிந்து கேட்டேன்.

"இல்ல. வந்தா சொல்றேன்," என்றார். முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை.

அவர் அவ்வளவு ரசித்த முடி கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தது. மழித்தவர் கத்தியைக் கீழே வைத்தார். எல்லோருக்கும் போல கன்னையா அண்ணனின் கையும் தானாக மேலே போனது. ஆனால் அங்கே லோகேஸ்வரி அக்காவின் கை முந்திக்கொண்டது. மொட்டைத் தலையைத் தடவித் தடவி, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தது அக்காதான்.