கருவேப்பிலைச் செடியும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும்

எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகள் இரண்டு என்று அப்பா எல்லோரிடமும் சொல்லுவார். மூத்தவள் நான். இளையவள், சமையலறைக்குப் பின்னால் பழைய எண்ணெய் டின்னில் நின்றுகொண்டிருந்த கருவேப்பிலைச் செடி.

அம்மா சமவெளியில் அன்னூர்ப் பக்கத்துக்காரி. பிறந்த ஊரிலிருந்து கன்றாகக் கொண்டுவந்த செடி அது. எங்கள் மலையூர் அரவேணுவின் குளிரில் கருவேப்பிலை பிழைப்பது கஷ்டம். பிழைத்தாலும் வளராது. பிழைக்க வைத்தே தீருவது என்று அம்மாவுக்கு ஒரு பிடிவாதம். காலையில் வெயில் வந்ததும் டின்னை வெளியே வைப்பாள். சாயங்காலம் மஞ்சு மூடுபனியாக இறங்குவதற்குள் தூக்கிவந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிடுவாள். என்னைக்கூட அவ்வளவு அவசரமாக உள்ளே கூப்பிட்டதில்லை. அதில் ஓர் இலையைப் பறிக்க யாருக்கும் அனுமதி கிடையாது. குழம்பு தாளிக்கக் கடையிலிருந்துதான் கருவேப்பிலை வரும்.

கடை என்றால் எங்கள் கடைதான். பஸ் ஸ்டாப்புக்கு மேலே, நாலைந்து படி ஏறினால் வரும். உள்ளே மளிகை, வாசலில் காய்கறிக் கூடைகள். தாத்தா சமவெளியிலிருந்து வந்து வைத்த கடை என்பதில் அப்பாவுக்குப் பெருமை அதிகம். விடியற்காலை பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கி, மண்டியில் காய் எடுத்துக்கொண்டு மேலே வருவார். முருங்கைக்காய், சின்ன வெங்காயம், கத்திரிக்காய் எல்லாம் கீழே விளைபவை, சரி. கேரட்டும் கோசும் எங்கள் மலையிலேயே விளைந்து, ராத்திரி லாரியில் கீழே போய், மண்டியில் ஏலம் விடப்பட்டு, அப்பாவோடு மறுபடியும் மலை ஏறி வந்தன. அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டு தடவை பார்த்த கேரட் எப்படி இருக்கும்? பஸ்ஸில் வாந்தி எடுத்துவிட்டு இறங்கியவர்களின் முகம் மாதிரி இருக்கும். ஆனாலும் ஜனங்கள் வாங்கினார்கள். வேறு எங்கே போவார்கள்?

காய் வாங்கினவர்களுக்குக் கருவேப்பிலை கொசுறு. கேட்காமலே அப்பா இரண்டு கொத்து பைமேல் வைத்துவிடுவார். அது வியாபாரமில்லை, மரியாதை.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, பஸ் ஸ்டாப்புக்குக் கீழே இருந்த மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் விவசாயிகள் சந்தை வந்தது. சுற்றியிருந்த மலைக் கிராமங்களான ஹட்டிகளிலிருந்து காலையில் பறித்த பீன்ஸும் மண் உலராத கேரட்டும் வந்து இறங்கின. ஞாயிறு தேயிலை எஸ்டேட்டுக்கு லீவு நாள். தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து ஜனங்கள் கூட்டமாக இறங்கிவரும் நாளும் அதுதான். எங்கள் கடைக்கு வாரம் முழுவதற்குமான வியாபாரம் அந்த ஒரு நாளில்தான் நடக்கும். முதல் ஞாயிறு எல்லோரும் வேடிக்கை பார்க்கப் போகிறார்கள் என்றார் அப்பா. அடுத்த ஞாயிறும் வேடிக்கைதான் என்றார். அதற்கப்புறம், நம் வீட்டார் யாரும் அந்த மைதானத்தில் கால் வைக்கக்கூடாது என்று மட்டும் சொல்லிவைத்தார்.

எதிரே டீக்கடைக்காரருக்குச் சந்தை வந்ததில் ஏகக் கொண்டாட்டம், கூடுதலாக ஒரு பெஞ்ச் வாங்கிப் போட்டார். வளைவுக்கு அந்தப் பக்கம் காய்கறி மட்டும் விற்றுக்கொண்டிருந்தவர் கடையைப் பூட்டிவிட்டுக் கீழே காரமடைக்குப் போய்விட்டார். டீக்கடைக்காரர் மாதிரி ஆவோமா, காரமடைக்குப் போனவர் மாதிரி ஆவோமா என்பது எங்களுக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் தக்காளிக் கூடைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். கூடையின் அடி தெரிந்தால் நாங்கள் இங்கேயே இருப்போம். தெரியாவிட்டால் திருப்பூர். அப்படி நானே ஒரு ஜோசியம் வைத்திருந்தேன். அந்த நாட்களில் அடி தெரியவே இல்லை.

திருப்பூரில் மாமா இருந்தார், அம்மாவுக்கு அண்ணன். பனியன் கம்பெனியில் வேலை. அப்பாவுக்கும் அங்கேயே வேலை பார்த்துத் தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தை வரைக்கும் பார்ப்பது, கடை தேறாவிட்டால் போய்விடுவது என்று அப்பா அரைமனதாகச் சொல்லியிருந்தார். நான் ஒருமுறை மாமா வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஒரே அறை, கரண்ட் போனால் மின்விசிறி நின்றுவிடும், உடம்பெல்லாம் வேர்க்குரு. பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு தேயிலைச் செடிகூடக் கிடையாது. அந்த ஊரில் மனிதர்கள் எதற்காக இருக்கிறார்கள் என்றே எனக்கு விளங்கவில்லை.

ஒருநாள் அம்மா மாமாவோடு செல்போனில் பேசிக்கொண்டிருந்தாள். செடி அங்கே வந்தால் நன்றாக வரும் என்றும், வெயில் படுகிற மாதிரி இடம் இருக்கிறதா என்றும் கேட்டாள். போக வேண்டி வந்தால் செடியையாவது காப்பாற்ற வேண்டுமே என்று அம்மா கவலைப்படுவதாக நினைத்து எனக்கு அழுகை வந்தது. அம்மாவும் என்னைப் போலவே பயந்துகொண்டிருக்கிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதற்கிடையில் கருவேப்பிலை ஒரு புதுத் தொல்லையாக வந்து சேர்ந்தது. சந்தையில் எல்லாம் இருந்தன, கருவேப்பிலை மட்டும் இல்லை. மலையில் விளையாததை விவசாயி எங்கிருந்து கொண்டுவருவார்? அதனால் பெண்கள் சந்தையில் பை நிறைய வாங்கிக்கொண்டு, படியேறி எங்கள் கடை வாசலில் வந்து நின்று, கூச்சமே இல்லாமல் இரண்டு கொத்து கருவேப்பிலை கேட்டார்கள். கோஸ் பையிலிருந்து எட்டிப் பார்க்கும். அப்பா எடுத்துக் கொடுப்பார். சாயங்காலம் பார்த்தால் காய்கள் அப்படியே இருக்கும், கருவேப்பிலைக் கட்டு மட்டும் காலியாகியிருக்கும்.

அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேவிட்டாள். காசாவது வாங்கலாமே என்றாள்.

“கருவேப்பிலைக்குக் காசு வாங்கினா நாளைக்கு யார் மூஞ்சில முழிக்கறது?” என்றார் அப்பா.

அன்றைக்குச் சாப்பிடும்போது அம்மா மெதுவாகத்தான் சொன்னாள்: “ஏனுங்க, போறதுன்னா போயிரலாங்க. தை வரைக்கும் எதுக்கு இழுத்துட்டு.”

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. நான் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டேன். திருப்பூருக்கு வரமாட்டேன், என்னைப் பள்ளிக்கூடத்து ஹாஸ்டலில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போங்கள் என்று என்னென்னவோ சொன்னேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஹாஸ்டலே கிடையாது. அழுது அழுது விக்கல் வந்துவிட்டது. அம்மா என்னையும் அப்பாவையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து என் முதுகைத் தடவினாள்.

“அழுவாத சாமி. போகல. எங்கீயும் போகல.”

அப்பா அப்போதுதான் ஒரு வாய் சாப்பிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா குளித்துவிட்டு, ஸ்வெட்டருக்கு மேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு, ஒரு சாக்கில் முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் போட்டுக் கட்டினாள். கருவேப்பிலைக் கட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு, செடி இருந்த டின்னை என் கையில் கொடுத்தாள். எங்கே என்று கேட்டேன். சந்தைக்கு என்றாள். அப்பா கடை வாசலில் நின்றிருந்தார். தடுக்கவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. கூடைகளை இடம் மாற்றி இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

செடியை விற்கப் போகிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. படியிறங்கும்போது டின்னைக் கட்டிக்கொண்டே போனேன்.

மைதானத்தின் ஓரத்தில் ஈரத்தரை. அம்மா சாக்கை விரித்து உட்கார்ந்து, செடியை எனக்கும் தனக்கும் நடுவில் வைத்தாள். நல்லபடியாகப் பரப்பி முடிப்பதற்குள் சந்தைக்குப் பொறுப்பாக இருந்தவர் வந்துவிட்டார். மேல் ஹட்டிக்காரர், கம்பளிக் குல்லாய் போட்டிருப்பார். சந்தை வருவதற்கு முன்னால் சில சமயம் எங்கள் கடைக்கே பீன்ஸ் கொண்டுவந்து போட்டவர்தான். அதனாலேயே அவருக்குச் சங்கடமாக இருந்தது.

“ஏனம்மா, இது சொந்தமா வெளைய வெச்சவங்க சந்தை. கடைக்காரங்களை உட்கார விட்டா நாளைக்கு மேட்டுப்பாளையம் மண்டியே இங்க ஏறி வந்துரும்.”

“நானும் வெளைய வெச்சிருக்கறனுங்க” என்று அம்மா டின்னை அவர் பக்கம் நகர்த்தினாள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? செடி என் இடுப்பளவுகூட இல்லை. அதற்குப் பின்னால் இருந்த கருவேப்பிலைக் கட்டு ஓர் ஆட்டுக்குட்டி படுத்திருக்கிற மாதிரி கிடந்தது. அவர் கட்டையும் செடியையும் பார்த்துவிட்டு, இத்தனையும் இதில் விளைந்ததா என்று கேட்டார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. இப்போதே எழுப்பி அனுப்புவார்கள், ஊர் பார்க்கப் படியேற வேண்டும், தை வந்தால் திருப்பூர். அம்மாவின் சால்வை நுனியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“இல்லீங்க. அது கீழ இருந்து வந்தது. இது மட்டுந்தான் என்னுது” என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, யாரையும் தொடவிடாத அந்தச் செடியிலிருந்து ஒரு கொத்தை ஒடித்து அவரிடம் நீட்டினாள்.

அவர் வாங்கி முகர்ந்து பார்த்தார். கேரட்டும் கோசும் வாங்கிக்கொண்டு நின்றிருந்த லைன் வீட்டு அக்கா ஒருத்தி, காய் இங்கே வாங்கிவிட்டுத் தாளிப்பதற்கு மேலே ஏறவேண்டியிருக்கிறது, அந்தம்மா இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். இன்னும் இரண்டு பேர் ஆமாம் போட்டார்கள். அவர் கருவேப்பிலையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“மலைல வெளையற காய் ஒண்ணுகூட வெக்கக் கூடாது. வெளையாதது மட்டும். சம்மதமா?”

அம்மா தலையாட்டினாள்.

அவர் வாங்கிக்கொண்டதைப் பார்த்தவர்கள் எல்லோரும் செடியிலிருந்தே வேண்டும் என்று கேட்டார்கள். மலையில் விளைந்த கருவேப்பிலை என்று ஒரு விளையாட்டு. முருங்கைக்காய் வாங்கினவர்களுக்கும் வெங்காயம் வாங்கினவர்களுக்கும் அம்மா ஒடித்து ஒடித்துக் கொடுத்தாள். போதும் அம்மா, அந்தக் கட்டிலிருந்து கொடு என்று நான் காதோடு சொன்னேன். அவள் கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் டின்னில் ஒரு குச்சிதான் நின்றது. அம்மாவிடம் வாங்கினவர்களில் பல பேர் தேங்காய்க்கும் பருப்புக்கும் எங்கள் கடைப் படியேறுவதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தேன். அப்புறம் அப்பா, அந்த மைதானத்தில் கால் வைக்கக்கூடாது என்று சொன்ன அப்பாவே, தூக்குச்சட்டியில் டீ எடுத்துக்கொண்டு இறங்கிவந்தார். அம்மாவின் முன்னால் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் திரும்பிப் போனார்.

அன்று சாயங்காலம் தக்காளிக் கூடையில் அடி தெரிந்தது. நான் வீட்டுக்கும் கடைக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். அப்பா சீட்டியடித்துக்கொண்டே கூடைகளை அடுக்கினார். மேட்டுப்பாளையத்தில் இனிமேல் கேரட் எடுக்கப்போவதில்லை, முருங்கைக்காயை இன்னும் கொஞ்சம் கூடுதலாக எடுக்கவேண்டும் என்று திட்டம் போட்டார். மஞ்சு இறங்கி எதிர்க்கடை மறைய ஆரம்பித்தபோதுதான் செடி வெளியிலேயே இருப்பதைப் பார்த்தேன். சந்தையிலிருந்து வந்த அலைச்சலில் அம்மா மறந்துவிட்டாள். டின்னைத் தூக்கிவந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மெச்சிக்கொள்வாள் என்று அங்கேயே நின்றேன்.

அம்மா வெடித்த பாதங்களில் எண்ணெய் தடவி, காலுறையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். ஈரத்தரையில் நாள் முழுக்க உட்கார்ந்ததில் இருமல் வேறு பிடித்திருந்தது.

“அதை எதுக்கு சாமி உள்ள கொண்டாந்த? அங்கயே இருக்கட்டும்” என்றாள்.

களைப்பில் பேசுகிறாள் என்று நினைத்தேன். நாம்தான் இனிமேல் திருப்பூருக்குப் போகவேண்டாமே அம்மா என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். ஆமா சாமி என்றாள்.

இப்போது நான் கோயமுத்தூரில் வாடகை வீட்டில் இருக்கிறேன். போன சித்திரையில் அம்மா முதல்முறையாக வந்தாள். வீட்டுக்காரர் வளவில் ஓட்டுக்கூரையை எட்டுகிற உயரத்தில் ஒரு கருவேப்பிலை மரம் நிற்கிறது. யாரும் அதைக் கவனிப்பதில்லை, தண்ணீர் ஊற்றுவதுகூட இல்லை. அந்த உச்சி வெயிலில் அம்மா காலுறையைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு போய், அடிமரத்தில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கால் சுடவில்லையா என்று கேட்டேன். இதமாக இருக்கிறது என்றாள்.

“அன்னிக்குப் போயிருந்தா நம்முளுதும் இந்நேரத்துக்கு இப்படி வந்திருக்கும்” என்றாள், என்னிடம் இல்லை, மரத்திடம்.

நான் அழுது நிறுத்திய பயணத்துக்கு அம்மா ஆசையோடு காத்திருந்தாள் என்பது, இலையில்லாத குச்சியை அடுப்போரம் வைத்துவிட்டுப் பாராட்டுக்காக நின்ற அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை.