மண்டபம் கிடைக்காத விரிவுரை

எங்கள் துறைக்கு ஒரு வரலாற்று ஆசிரியை வந்து சேர்ந்தார். அவருடைய நாட்டின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவருடைய தாயார் இன்னும் அங்கேதான் இருக்கிறார். அவர் படிப்பித்த பல்கலைக்கழகத்துக்கு அந்நாட்டு அரசு ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவரைத் துணைவேந்தராக நியமித்தது. வந்தவர் முதல் வேலையாக வரலாற்றுப் பாடத்திட்டத்தை மாற்றச் சொன்னார். மறுத்தவர்கள் வேலையை இழந்தார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். இவர் தப்பி, ஆபத்தில் இருக்கும் அறிஞர்களுக்கென்று எங்கள் லண்டன் பல்கலைக்கழகம் வைத்திருந்த ஓராண்டுப் பதவிக்கு வந்தார்.

எங்கள் நிர்வாகத்துக்கு அவரால் அத்தனை பெருமை. இணையத்தளத்தின் முதற்பக்கத்தில் அவர் படம். பக்கத்திலேயே சிந்தனைச் சுதந்திரம் பற்றி ஒரு பத்தி.

அவரும் நானும் ஒரே அறையைப் பகிர்ந்துகொண்டோம். யாழ்ப்பாணத்தில் நான் படித்த காலத்தில் வளாகத்துக்குப் போகும் வழியெல்லாம் சோதனைச் சாவடி என்று ஒருநாள் சொன்னேன். “அப்படியானால் பையைத் திறந்து காட்டுவது எப்படியென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை” என்று சிரித்தார். அதற்குப் பிறகு நாங்கள் மதியச் சாப்பாட்டையும் பகிர்ந்துகொண்டோம்.

வசந்தத்தில் அவருடைய பொது விரிவுரை ஏற்பாடாகியிருந்தது. தன் நாட்டுப் பாடப்புத்தகங்களிலிருந்து ஒரு படுகொலை எப்படி அகற்றப்பட்டது என்பதுதான் தலைப்பு. விரிவுரை நெருங்கிய வேளையில், ஏற்பாடுகளைக் கவனித்துக்கொண்டிருந்த என்னைப் பீடாதிபதி கூப்பிட்டார்.

“பாதுகாப்புக் காரணங்களால் ஒத்திவைக்கிறோம்.”

“யாருடைய பாதுகாப்பு?”

அவர் சன்னலைப் பார்த்தார். “தூதரகத்திலிருந்து கவலை தெரிவித்திருக்கிறார்கள். அந்த நாட்டிலிருந்து எத்தனை மாணவர்கள் வருகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்தானே.”

தெரியும். அவர்கள் கட்டும் கட்டணத்தில்தான் எங்கள் புதிய கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. “எப்போதைக்கு ஒத்திவைக்கிறீர்கள்?” என்று கேட்டேன். “பிறகு பார்க்கலாம்” என்றார்.  

ஆசிரியையிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் அழவில்லை. “அங்கே என்னை ஏன் தடுக்கிறார்கள் என்பதை முகத்துக்கு நேரே சொன்னார்கள்” என்று மட்டும் சொன்னார்.

அன்று பின்னேரமே கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணை ஒருவருக்குப் போன் எடுத்தேன். ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். கடைக்கு மேலே ஒரு மண்டபமும் உண்டு. பிறந்தநாள், பூப்புனித விழாவான சாமத்தியவீடு என்று வாடகைக்கு விடுவார்.

“எங்கட பிரச்சினையோ தங்கச்சி?”

“இல்லை அண்ணை, வேற நாட்டுப் பிரச்சினை.”

“அப்ப உங்கட யூனிவர்சிட்டியில ஏன் செய்ய விடேல்லை?”

“பயம்.”

“அவைக்கு என்ன பயம்? ஆமி வீட்டை வருமோ?”

இராணுவம் இல்லை, தூதரகமும் மாணவர் கட்டணமும்தான் என்றேன்.

“எனக்குக் கரைச்சல் ஒண்டும் வராதோ?”

“வராதெண்டு நான் சொல்லேலாது அண்ணை.”

நாட்காட்டியைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “சனிக்கிழமை பிறந்தநாள் ஒண்டு இருக்கு. ஞாயிறு எடுங்கோ. கதிரை அடுக்கிறது உங்கட பொறுப்பு” என்றார்.

நாங்கள் நாற்காலிகளை அடுக்கும்போது முதல்நாள் பிறந்தநாளின் பலூன்கள் இன்னும் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு முன்னால் நின்றுதான் ஆசிரியை பேசினார். தாழ்வாரத்தில் என் தோளைத் தட்டி “உங்கள் பக்கம்தான் இருக்கிறோம்” என்று சொன்ன பேராசிரியர்களில் ஒருவரும் வரவில்லை. மாணவர்கள் வந்தார்கள். அவருடைய நாட்டு மாணவன் ஒருவன் முகக்கவசமும் தொப்பியும் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தான். லண்டனில், ஒரு வரலாற்று விரிவுரையைக் கேட்பதற்கு.

பாதிப் பேச்சில், பின்னால் நின்ற ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்திருப்பதைக் கண்டேன். பேசுகிறவரை ஒருமுறை எடுத்தான்; பிறகு கேட்டுக்கொண்டிருந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தான். எழுந்து போய், “யாருக்காக எடுக்கிறீர்கள்?” என்று கேட்டேன். “பொதுக்கூட்டம்தானே” என்றான். அதற்குள் அண்ணை வந்துவிட்டார். இது தன்னுடைய இடம், வெளியே போகலாம் என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கதவைத் திறந்து பிடித்தார். அவன் போனான். எடுத்த படங்களோடுதான் போனான்.

சில நாட்களில் ஆசிரியையின் தாயார் வீட்டுக்கு இரண்டு பேர் போய், மகள் பலூன்களுக்கு முன்னால் நிற்கும் படத்தைக் காட்டிவிட்டு வந்தார்கள். முகக்கவசம் போட்டிருந்த மாணவனையும் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள். அங்கே அரசுப் பள்ளி ஆசிரியரான அவன் தகப்பனை வேலையிலிருந்து இடைநிறுத்தினார்கள். அதன் பிறகு அவன் என்னைக் கண்டால் மாடிப்படியில் திரும்பிப் போய்விடுவான். அவனில் எனக்கு ஒரு துளி கோபமும் இல்லை.

எங்கள் நிர்வாகமும் விசாரணை நடத்தியது. என்மீது. பல்கலைக்கழகத்தின் பெயருக்குக் களங்கம் ஏற்படுத்தினேனாம். மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

“அவருடைய தாயாரின் வீட்டுக்கு ஆட்கள் போனதைப் பற்றி விசாரணை உண்டா?” என்று கேட்டேன்.

“அது எங்கள் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது.”

“விரிவுரையை நிறுத்துவது மட்டும் உங்கள் அதிகாரத்துக்குள் இருந்ததா?”

மூவரில் ஒருவர் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். எச்சரிக்கையோடு விட்டார்கள்.

ஆசிரியையின் பதவியை நீட்டிக்கவில்லை. அவர் வேறொரு நாட்டில் ஒரு சிறிய கல்லூரிக்குப் போனார். நிறுத்தப்பட்ட விரிவுரையை விரித்து அங்கே ஒரு நூலாக எழுதிக்கொண்டிருக்கிறார். தாயாரோடு வானிலை பற்றி மட்டும்தான் தொலைபேசியில் பேச முடிகிறதாம்.

அடுத்த ஆண்டு அதே பதவிக்கு மறுபடியும் விளம்பரம் வந்தது. தேர்வுக் குழுவில் இருக்கச் சொல்லி என்னைக் கேட்டார்கள். வருகிறேன், ஆனால் நேர்முகத்தில் ஒவ்வொருவருக்கும் போன ஆண்டு நடந்ததைச் சொல்வேன் என்றேன். மறுநாளே என் இடத்துக்கு வேறொருவரைப் போட்டுவிட்டார்கள்.

விண்ணப்பிக்க நினைப்பவர்கள் சிலர் எனக்கு எழுதுகிறார்கள், இங்கே பயமில்லாமல் பேசலாமா என்று. நடந்ததை அப்படியே சொல்கிறேன். நிர்வாகத்துக்கு அது தெரியும். தெரியட்டும்.