சார்ஜ் ஏறாத வலது காது

ஜாக்குலின் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. நாவலூரில் எங்கள் ஆபீஸ் கேன்டீனில் நாற்காலிக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் டிபன் பாக்ஸை இடது கையில் ஏந்திக்கொண்டு, ஜன்னலுக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவே நடந்துகொண்டேதான் தின்பாள். "கால்ல சக்கரம் கட்டிகினு பொறந்தியாடி?" என்று கேட்டால், "உக்காந்தா தூக்கம் வருது அம்சா" என்பாள். சுத்தப் பொய். தூக்கம் வருகிறவள் கால் மேஜைக்கடியில் நாள் முழுக்கத் தையல் மெஷின் மிதிக்காது.

மூன்று வருடமாக அவளுக்குப் பக்கத்து சீட் நான்தான். ஒயர் இல்லாத இயர்பட்ஸ் விற்கும் ஒரு கம்பெனிக்கு வரும் புகார் போன்களை எடுப்பது எங்கள் வேலை. விற்கிறவன் எங்கேயோ இருக்கிறான், திட்டு வாங்குவது நாங்கள். பாதிப் புகார் ஒன்றேதான்: சார்ஜ் ஏறவில்லை. ஒயரை மாற்றிப் பாருங்கள், அடாப்டரை மாற்றிப் பாருங்கள், சார்ஜ் ஏற்றுகிற டப்பாவான கேஸில் வைத்துப் பட்டனைப் பதினைந்து செகண்ட் அழுத்துங்கள், உள்ளே இருக்கும் உலோகப் புள்ளிகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். இதில் முக்கால்வாசிப் பேருக்குச் சரியாகிவிடும். மிச்சப் பேர் எங்கள் பரம்பரையை விசாரிப்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும், மியூட் போட்டுவிட்டுப் பதிலுக்கு நானும் விசாரிப்பேன். ஜாக்குலின் அப்படியில்லை. உடம்பு முழுக்கத் துடித்தாலும் குரல் மட்டும் அசையாது. "சொல்லுங்க சார், லைட் எரியுதா?" என்று அவள் கேட்டால், எதிரில் இருப்பவர் திட்ட வந்ததையே மறந்துவிடுவார்.

அவளுக்கு வயது இருபத்தொன்பது. திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற ரோட்டில் உள்ளடங்கிய ஓர் ஊர். செங்கல்பட்டில் டிகிரி முடித்தவள், ஒரு ஷூ கம்பெனி, பொத்தேரியில் மாணவர்கள் சாப்பிடும் மெஸ்ஸின் பில் கவுன்டர், மாமல்லபுரத்தில் ஓட்டல் ரிசப்ஷன் என்று எந்த வேலையிலும் ஒரு வருடம் தாண்டியதில்லை. இங்கே மட்டும் மூன்று வருடம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் ரோட்டுக்கு எதிர்ப்புறம் நிற்கிற அபார்ட்மென்ட். அதன் கேட்டில் செக்யூரிட்டியாக இருந்தவர் அவள் அப்பா சின்னராசு. அவரைக் கண் பார்வையில் வைத்திருக்க வேண்டும் அவளுக்கு.

சின்னராசு சின்ன வயதில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். பிறகு பன்னிரண்டு வருடம் கல் உடைக்கிற கிரஷரில் வேலை. அங்கே இடது காது மொத்தமாகப் போனது, வலது காது பாதி. வீட்டில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. எல்லோரும் குரலை உயர்த்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். போன வருடம் ஒரு கார்க்காரர் கேட்டுக்கு வெளியே ஹாரன் அடித்துக்கொண்டே இருக்க, இவர் முதுகைக் காட்டிக்கொண்டு செடிக்குத் தண்ணீர் விட்டிருக்கிறார். புகார் போனது. அந்த வாரமே ஜாக்குலின் ஒரு கறுப்பு இயர்பட்ஸ் வாங்கி, அவர் போனில் ஓர் ஆப்பையும் ஏற்றிக் கொடுத்தாள். போன் சட்டைப் பையில் இருக்கும். சுற்றி வரும் சத்தத்தை அது வாங்கிப் பெரிதாக்கிக் காதுக்கு அனுப்பும். தொப்பியைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. மாதம் ஒருமுறை வருகிற சூப்பர்வைசர் பைக்கை விட்டே இறங்காதவர், அவருக்கு எங்கே தெரியப்போகிறது.

"பெரியாஸ்பத்திரிக்குப் போலாம் நைனா, டெஸ்ட் பண்ணி மிஷின் குடுப்பாங்க" என்று அவள் எத்தனையோ தடவை கூப்பிட்டாள்.

"மிஷின் வெச்சா செவிடன்னு எழுதிருவாங்க. அப்பால எவன் வேல குடுப்பான்?" என்பார் அவர்.

போன மாதம் அபார்ட்மென்ட்காரர்கள் செக்யூரிட்டி ஏஜென்சியை மாற்றினார்கள். பழைய ஆட்களில் யார் இருக்கலாம், யார் போகலாம் என்று பார்க்கப் புது ஏஜென்சியின் அதிகாரி வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருவார் என்று தகவல். சின்னராசுவுக்கு ஐம்பத்தாறு வயது. காது விஷயம் தெரிந்தால் அதோடு சரி.

அந்தத் திங்கட்கிழமை பார்த்து வலது காதுக்கான இயர்பட் சார்ஜ் ஏறவில்லை.

கேட்டால் நம்ப மாட்டீர்கள், நாள் முழுக்க ஊருக்கெல்லாம் சொல்கிற வைத்தியத்தை அவள் தன் வீட்டுச் சாமானுக்கே செய்ய வேண்டி வந்தது. ஒயரை மாற்றினாள். அடாப்டரை மாற்றினாள். பட்டனை அழுத்தினாள். கடைசியில் துணியால் துடைத்ததும் லைட் எரிந்தது. செவ்வாய்க்கிழமை காலை மறுபடி செத்துக் கிடந்தது. மறுபடி துடைத்தாள், எரிந்தது. புதன்கிழமை காலை மறுபடி பிணம். இடது பட் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் காதுதான் ஒன்றுக்கும் உதவாதே! இடதை வலது காதில் திணித்தால் நிற்காமல் நழுவி விழுந்தது. புதிதாக ஆர்டர் போட்டது சனிக்கிழமைதான் வருமாம். என்னுடையதைக் கொடுக்கலாமென்றால் நான் ஒயர் ஹெட்செட்காரி, தொப்பிக்குக் கீழே ஒயர் தொங்கினால் ஊருக்கே தெரியும்.

புதன் சின்னராசுவுக்கு வார லீவு. அதனால் கேஸையே ஆபீஸ் வேனுக்கு எடுத்து வந்துவிட்டாள். நான் திருப்போரூரில் ஏறினபோது அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். டக், டக், டக். முன்சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டார்.

"குட்றீ இத்த, பேஜாராக் கீது" என்று பிடுங்கித் திறந்தேன். குப்பென்று ஒரு வாசனை. "இன்னாடி இது, ரோஜாப்பூ வாசன வருது? சென்ட் அடிச்சியா?"

ஜாக்குலின் முகர்ந்து பார்த்தாள். அவள் கால் ஆட்டம் சட்டென்று நின்றது.

"ஜெப எண்ணெ" என்றாள்.

அவள் அம்மா சந்திரம்மா மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் துணி மடிக்கிறவர். பாஸ்டர் ஜெபித்துக் கொடுத்த எண்ணெய் பாட்டில் ஒன்று அவர் ஹேண்ட்பேக்கில் எப்போதும் இருக்கும். புது வண்டிக்கு ஒரு சொட்டு, பரீட்சை ஹால் டிக்கெட்டுக்கு ஒரு சொட்டு. ஜாக்குலின் இன்டர்வியூவுக்குப் போன செருப்புக்குக்கூட ஒரு சொட்டு வைத்தவர் அவர். அதிகாரி வருகிறார் என்று ஞாயிற்றுக்கிழமை தெரிந்ததும், சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் கணவர் காதுக்கு ஒரு சொட்டு, காதுக்கு உதவுகிற மிஷினுக்கு ஒரு சொட்டு என்று ஆரம்பித்திருக்கிறார். வலது காதுதான் வேலை செய்கிறது என்பதால் கேஸில் வலது குழிக்கு மட்டும். கண்ணை மூடி ஜெபித்த மகளுக்கு அது தெரியவில்லை. மகள் காலையில் துடைக்க, தாய் சாயங்காலம் பூச, இப்படியே மூன்று நாள்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. ஜாக்குலின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

ஆபீஸ் முதலுதவிப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட் எடுத்து, பஞ்சு சுற்றிய குச்சியால் குழியையும் பட்டின் புள்ளிகளையும் பிசுக்குப் போகத் துடைத்தோம். பத்து நிமிடம் காய வைத்து உள்ளே வைத்ததும் லைட் எரிந்தது. அது ஆயிற்று. இனி அம்மாவிடம் சொல்ல வேண்டும். அதற்குத்தான் அவள் சாயங்காலம் வரை நகத்தைக் கடித்தாள். என்ன நடந்தது என்று மறுநாள் வேனில் சொன்னாள்.

சந்திரம்மாவுக்கு முதலில் ரோஷம் பொத்துக்கொண்டு வந்திருக்கிறது. "என் ஜெபத்தாலயா கெட்டுப் பூட்ச்சு? நாலு நாளா முட்டி போட்டுகினு கீறேன்டி நானு!"

"ஜெபத்தால இல்லம்மா, எண்ணெயால."

பாட்டிலை மூடிக்கொண்டே, "செரி, நெத்தியில வெக்கிறேன். காது எங்க கீதுன்னு கர்த்தருக்குத் தெரியாதா இன்னா" என்றாராம்.

ஜாக்குலினுக்கு மனம் ஆறவில்லை. அப்பாவைத் தனியே பிடித்து, சத்தமாகவே கேட்டிருக்கிறாள். மிஷின் மேல் எண்ணெய் விழுவது தெரிந்தும் ஏன் தடுக்கவில்லை?

"ஜெபம் பண்ண சொல்லோ உங்கம்மா வாய என் காதுகிட்ட வெச்சிப் பேசுவா" என்றாராம் சின்னராசு. "மிஷின் இல்லாம அவ பேசறது எனக்கு அப்பதான் கேக்குது."

இதைச் சொன்னபோது அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வியாழக்கிழமை எட்டே முக்காலுக்கு நாங்கள் இரண்டு பேரும் அபார்ட்மென்ட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றோம். குறுகலான ரோடு, கேட்டில் பேசுவது காதில் விழும். ஷிப்ட் ஒன்பதரைக்குத்தான். நான் டீ வாங்கிக் கொடுத்தேன், அவள் குடிக்கவில்லை. கேட்டில் சின்னராசு இஸ்திரி போட்ட யூனிபாரத்தில் விறைப்பாக நின்றார். ஒன்பது மணிக்குப் புது அதிகாரி வந்தார். சட்டையில் ராகவன் என்று பெயர் குத்தியிருந்தது. பைக்கை விட்டு இறங்கினார். பெயர் கேட்டார், வயது கேட்டார், எத்தனை வருட சர்வீஸ் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று பதில் வந்தது. பின்பக்கமாகப் போய் நின்று எதையோ கேட்டார். அதற்கும் வந்தது. ஜாக்குலினின் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது.

அப்போது ராகவன் குனிந்து பக்கவாட்டில் பார்த்தார்.

"இன்னா பெரியவரே, டூட்டில பாட்டு கேட்டுகினு நிக்கிறியா?"

"பாட்டு இல்ல சார்."

"கழட்டு மொதல்ல. காதுல இதெல்லாம் போடக் கூடாதுன்னு தெரியாது?"

கேட்டில் நிற்கிறவர் காதில் எதையும் மாட்டக் கூடாது என்பது எந்த அபார்ட்மென்ட்டிலும் உள்ள விதிதான். படித்த இரண்டு கழுதைகள், சார்ஜ் ஏறுமா ஏறாதா என்றே நாலு நாளாக மண்டையை உடைத்துக்கொண்டோம். ஏறினால் என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை.

சின்னராசு வலது இயர்பட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "எனக்குக் காது கேக்காது சார். இத்த போட்டாதான் கேக்கும்."

ராகவன் ஏதோ கேட்டார். சின்னராசு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் ஜாக்குலின் ரோட்டின் நடுவில் இருந்தாள். டீ கிளாஸோடு நானும் பின்னால் ஓடினேன்.

"நான் அவர் பொண்ணு சார்."

அந்த மனிதரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சொல்ல முடிந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "கேட்ல நிக்கிறவருக்குக் காதுதாம்மா முக்கியம். சின்னப் புள்ளைங்க வெளையாடற எடம். வண்டி ரிவர்ஸ் எடுக்கிற நேரம் பார்த்து இதுல சார்ஜ் தீர்ந்து போச்சுன்னா யார் பதில் சொல்றது? என்னால வெச்சுக்க முடியாதும்மா. அவர்கிட்ட நீயே பக்குவமா சொல்லிடு."

"இன்னா ஜாக்கு, இன்னா சொல்றாரு?" என்று கேட்டார் சின்னராசு.

ஒரு நாளைக்கு நூறு பேரிடம் முடியாது என்பதை நோகாமல் சொல்கிறவள் அவள். வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. நானாவது சொல்லியிருக்கலாம். டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

சின்னராசு மகள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளங்கையிலிருந்த இயர்பட்டை எடுத்துத் தானே காதில் பொருத்தினார். சட்டைப் பையிலிருந்த போனை ராகவன் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"நீங்களே சொல்லுங்க சார். அவ வாயால வேணாம்."

ராகவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். இந்தத் தடவை 'நீங்க' என்று சொல்லி, மெதுவாக. பாதியில் வெளியே ஒரு கார் ஹாரன் அடித்தது. அவர் பேச்சை நிறுத்துவதற்குள் சின்னராசு திரும்பி நடந்து, கேட்டைத் திறந்து, காரை உள்ளே விட்டு, கேட்டைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, நின்ற இடத்துக்கே வந்து நின்றார்.

"மீதியும் சொல்லுங்க சார்" என்றார்.