பாதையை விட்டு இறங்காதவள்

இன்று பலெர்மோ பள்ளியில் மகளின் வகுப்பைக் காடு பார்க்க மலைக்குக் கூட்டிப் போயிருந்தார்கள்.

மாலையில் ஆசிரியை என்னை நிறுத்தினார். "எல்லாரும் ஆளுக்கொரு மரம் தேடி ஓடினார்கள். இவள் மட்டும் பாதையை விட்டு இறங்கவில்லை. பயமா?"

யாழ்ப்பாணத்தில் நான்தான் பழக்கினேன், மிதிவெடி இருக்கும், புல்லில் கால் வைக்காதே என்று.

"இஞ்சை நிலத்துக்குக் கீழை ஒண்டும் இல்லைப் பிள்ளை" என்றேன் மகளிடம்.

"ஆர் கிண்டிப் பாத்தவை?"

சிரித்துக்கொண்டே ஆசிரியைக்கு மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை. போன வருடம் இங்கே நீதிபதி ஒருவரைக் கொல்ல நெடுஞ்சாலைக்கு அடியில் வைத்த குண்டு வெடித்தது அவருக்கு நினைவிருந்தது.

எங்கள் வீடிருக்கும் சீசாப் பகுதி வரை மகளும் நானும் தார் வீதியிலேயே கவனமாக நடந்து வந்தோம். அந்தக் குண்டு தாருக்கு அடியில்தான் இருந்தது என்பது வீட்டு வாசலில்தான் எனக்கு உறைத்தது.

பலெர்மோக்காரர்களே, நீங்கள் எதில் நடக்கிறீர்கள்?